ஐம்பத்து நான்கு கிலோ

செவ்வாய்க்கிழமை காலை டயாலிசிஸ் அறையில் அப்பா எடை மெஷினில் ஏறி நின்றார். ஐம்பத்தெட்டு காட்டியது. டெக்னீஷியன் எண்ணைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் நான்தான் என்பது மாதிரி.

“என்ன பெயின்டர் சார், மூணு நாள்ல எந்தக் குளத்தக் காலி பண்ணீங்க?”

அப்பா சிரித்தார். ஊசி குத்தப்போகிற ஆளிடம் முறைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கொள்கை.

“குளமா? ஒரு வாய் தண்ணிக்கு எம் பொண்ணுகிட்ட மனு குடுக்கணும் தம்பி. பாட்டில்ல அளவு ஒட்டி வச்சிருக்கா.”

“மனு குடுத்துக் குடிச்ச மாதிரி தெரியலையே. பின்வாசல் வழியா வந்த மாதிரில்ல இருக்கு.”

அப்பாவின் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பது தெரிந்தே பத்து வருடம் மாத்திரையைப் பாதி நாள் போட்டும் பாதி நாள் மறந்தும் சாரத்தில் ஏறிச் சுவர்களுக்கு வண்ணம் அடித்தவர். தோள்வலிக்கு மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்குகிற வலி மாத்திரையை மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை. கால் வீங்கியபோது, நின்றுகொண்டே வேலை செய்தால் அப்படித்தான் என்றார். மூச்சு வாங்கியபோது பெயின்ட் நெடி என்றார். நாங்களும் தலையாட்டினோம். தலையாட்டியவர்களில் பட்டப்படிப்பு முடித்த நானும் ஒருத்தி.

இப்போது செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் நான்கு நான்கு மணி நேரம் ஒரு மெஷின் அவர் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறது. கழிவை எடுக்கிறது. சிறுநீராகப் போக வழியில்லாமல் உடம்பில் தங்கிய தண்ணீரையும் எடுக்கிறது. எவ்வளவு தண்ணீர் தங்கியிருக்கிறது என்பதை எடையை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். தண்ணீர் போக மிஞ்சுகிற உடம்பு ஐம்பத்து நான்கு கிலோ என்று அப்பா வார்டில் படுத்திருந்தபோது டாக்டர் எழுதிவைத்தார். அதற்குப் பெயர் உலர் எடை. ஐம்பத்து நான்குக்கு மேல் காட்டுவதெல்லாம் தண்ணீர்.

“படிச்ச பொண்ணுதானே, உனக்குப் புரியும்” என்றார் டாக்டர். எனக்கும் புரிந்தது என்றுதான் நினைத்தேன். என் பட்டம் கணிதத்தில். இது வெறும் கழித்தல்.

அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். டெக்னீஷியன் அப்பாவின் இடது கைச் சட்டையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஓடுகிற ஜிப்பைச் சர்ரென்று இறக்கினார். அது சட்டை இல்லை, கோட்டு. அம்மா தைத்தது. அந்த அறையின் ஏசி எலும்புவரை இறங்கும், அதிலும் வெளியே போய்வரும் ரத்தம் ஆறிப்போய்த் திரும்புவதால் அப்பாவுக்குப் பல் கிட்டும். அம்மா ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுவதும் காலர் தைக்கிறவள். மிச்சம் விழுந்த கம்பளித் துண்டுகளை மூன்று அடுக்காக வைத்து, பஞ்சு கொடுத்து, ஊசி குத்துகிற கைக்கு மட்டும் ஜிப் வைத்து ஒரு கோட்டு தைத்துவிட்டாள். அப்பா அதை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புவார், வீட்டுக்கு வந்துதான் கழற்றுவார். மெலிந்த உடம்பை நாலு பேர் பார்க்க வேண்டாமே. அந்த அறைக்கே பிடித்துப்போனது கோட்டு. பக்கத்து நாற்காலி கண்டக்டர், பேருந்தில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவர், மூன்று வாரம் முன்பு தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் மணி நேரத்தில் அப்பாவின் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. அவர் கத்த மாட்டார். நாற்காலிக் கைப்பிடியை ஒடித்துவிடுவதுபோலப் பிடிப்பார், முகம் சுண்ணாம்பாகும். மெஷின் கீச்சிட்டது. டெக்னீஷியன் ஓடிவந்து நாற்காலியின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, தண்ணீர் எடுப்பதை நிறுத்தி, சலைனைத் திறந்துவிட்டார். நான் காலை நீவினேன்.

“அண்ணா, தண்ணி எடுக்கத்தானே வந்தோம். இப்ப நீங்களே தண்ணி ஏத்துறீங்க.”

“பிரஷர் எறங்கிருச்சும்மா. ஏத்தலன்னா மயக்கம் போட்டுருவாரு.”

“ஏன் எறங்குது?”

“ஒரே நேரத்துல நெறைய எடுத்தா எறங்கும்.”

“ஏன் நெறைய எடுக்கறீங்க?”

“நெறைய குடிச்சிட்டு வந்தா நெறைய எடுக்காம? இன்னைக்கு மூணரைதான் வச்சேன், அதுக்கே இந்தக் கூத்து.”

“இப்ப பாதியில நிறுத்திட்டீங்களே, மிச்சம்?”

“மிச்சம் உள்ளயே இருக்கும். வியாழக்கிழமை அதையும் சேத்து எடுக்கணும்.”

“சேத்து எடுத்தா மறுபடி பிடிக்குமே.”

“அதான் குடிக்காதீங்கங்கறேன்.”

செக்குமாடு மாதிரி என் கேள்வியிலேயே என்னைச் சுற்றவைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். கிளம்பும்போது அப்பாவின் எடை ஐம்பத்தைந்து புள்ளி இரண்டு. தோற்றுப்போன மதிப்பெண் மாதிரி அதை அட்டையில் எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். முதல் நாளிலிருந்து எழுதிவருகிற நோட்டு. ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி, மாத்திரை முழுங்குகிற மடக்கு உட்பட. மூன்று நாளைக்கு இரண்டேகால் லிட்டர். ஏறியிருப்பது மூன்று கிலோ. முக்கால் லிட்டர் எங்கிருந்து வந்தது?

யாரோ கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் இருப்பது மூன்று பேர். அப்பா, நான், அம்மா.

அம்மா காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தாள். பொட்டாசியம் இறங்குவதற்காக. அதைக்கூட டாக்டர் என்னிடம் சொல்லி நான்தான் அவளிடம் சொன்னேன்.

“நீ அப்பாவுக்குத் தண்ணி குடுத்தியா?”

“நீ அளந்து வச்சதுதான் குடுத்தேன்.”

“அதுக்கு மேல?”

“ஏண்டி, என்ன கேக்குற நீ?”

“கேட்டா பாவமா இருக்குன்னு குடுத்துருவ. உன்னத் தெரியாதா எனக்கு? நீ பாவம் பாத்துக் குடுக்குற தண்ணி நுரையீரலுக்குப் போவும், தெரியுமா உனக்கு? அவருக்கு அங்க உயிர் போயி உயிர் வருது.”

அம்மா பாத்திரத்தை இறக்கிவைத்தாள். கையைத் துடைத்தாள். தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். மூன்றாவது கோட்டு பாதியில் இருந்தது, கண்டக்டரின் மைத்துனருக்கு. அவரும் வேறு ஊரில் இதே போன்ற நாற்காலியில் வாரம் மூன்று நாள் சாய்கிறவர். மெஷின் கடகடவென்று ஓடியது. அம்மா கோபப்பட்டால் தையல் நேராக விழும்.

நான் அடுப்படியைக் குடைந்தேன். ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டைப் பார்த்தேன், கட்டிகளை எண்ணினேன். என்ன கண்டுபிடிக்கப் போகிறேன் என்று தெரியாமலே தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் சந்தேகம் இன்னும் கூடியது.

வியாழக்கிழமை ஐம்பத்தாறு புள்ளி ஒன்பது. இந்த முறை என் கணக்கு அவ்வளவாக உதைக்கவில்லை, இரண்டு நாளில் ஒன்று புள்ளி ஏழுதான் ஏறியிருந்தது. ஆனால் டெக்னீஷியன் கழிப்பது ஐம்பத்து நான்கிலிருந்து. “ரெண்டு தொள்ளாயிரம்” என்று உதட்டைப் பிதுக்கினார். எனக்கும் அவருக்கும் கழித்தல் ஒன்றுதான், விடை மட்டும் வேறு.

அன்று அப்பாவுக்கு முன்னால் கண்டக்டருக்குப் பிடித்தது.

அவர்தான் அந்த அறையின் முதல் மாணவர். “கண்டக்டரப் பாத்துக் கத்துக்கங்க, ரெண்டு கிலோவுக்கு மேல ஏறி வந்திருக்காரா?” என்று எல்லோரையும் குத்திக்காட்டுவதற்கு டெக்னீஷியன் வைத்திருந்த ஆள். அவர் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு புழுவாகத் துடித்தார்.

“நீங்களுமா சார்? பெயின்டர் பக்கத்துல உக்காந்தீங்க, கெட்டுட்டீங்க.”

“தம்பி, நான் வழக்கமா குடிக்கிறதுதான் குடிச்சேன்.”

“எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. மெஷின் பொய் சொல்லுமா?”

அரைமணி கழித்து அப்பாவுக்கும் பிடித்தது. அடுத்தடுத்து இரண்டு பேரும் தலைகீழாகச் சாய்ந்து, கால் மேலே தூக்கி, சலைன் சொட்டச்சொட்ட ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கண்டக்டரே, உங்களுக்கு எந்த ஸ்டாப்பிங்ல ஏத்துனாங்க?”

“தெரியலையே. நீங்க ஏறுன அதே ஸ்டாப்பிங்தான்போல.”

அப்பா அந்த வலியிலும் சிரித்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சிரிப்பில்லை.

“நான் சனிக்கிழமை வரலம்மா.”

“என்னது?”

“இனிமே எப்பவுமே வரல.”

“போகலன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?”

“டாக்டர் சொன்னாங்கல்ல. பொட்டாசியம் ஏறும், இதயம் நின்னுடும். இல்லன்னா நெஞ்சுல தண்ணி கட்டும். தெரியும்.”

“தெரிஞ்சுகிட்டுமா?”

“வலியப் பொறுத்துக்குவேன். சாரத்துலருந்து விழுந்து எலும்பு ஒடஞ்சவன் நான். ஆனா வாரத்துக்கு மூணு நாள் போயி, குடிக்காத தண்ணிக்கு நாலு பேர் முன்னாடி திட்டு வாங்கிட்டு, வீட்டுக்கு வந்தா நீ உங்கம்மாவத் திருடின்னு சொல்றத…” அவர் முடிக்கவில்லை. “சொவர அளவுக்கு மேல காயவிட்டா வெடிப்பு விடும் கண்ணு. எனக்கு உள்ள அப்படித்தான் இருக்கு. தாகம்னா அப்படி ஒரு தாகம். ஆனா தண்ணி நெறைய இருக்குன்னு சொல்றாங்க. எது நெசம்னு எனக்குத் தெரியல. எனக்குப் புரியாத ஒரு விஷயத்துக்கு நான் எதுக்குக் கையை நீட்டணும்?”

அம்மா கதவோரம் நின்றாள். என்னைப் பார்த்தாள். நீ படித்தவள்தானே, பதில் சொல் என்று கேட்கிற பார்வை. என்னிடம் இருந்தது ஒரு நோட்டு மட்டும்.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போனேன். கூரியர் அலுவலகக் கவுன்டர். கணிதத்தில் பட்டம் வாங்கியவள் பார்சலை எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். அன்று முழுக்க அப்பாவுடன் இருந்து கெஞ்சியிருக்கலாம், ஆனால் செவ்வாயும் வியாழனும் அரை நாள் விடுப்பு எடுத்தவளுக்கு வெள்ளியும் கொடுப்பார்களா. ஒரு பெரியவர் பீங்கான் கோப்பைகளைப் பெட்டியில் வைத்து, இடைவெளியில் செய்தித்தாளைத் திணித்துக் கொண்டுவந்தார். எடையைப் பார்த்ததும் சண்டைக்கு வந்தார்.

“கப்பு இவ்ளோ கனம் இல்லம்மா.”

“பெட்டி, பேப்பர் எல்லாம் சேத்துதான் சார் எடை.”

“பெட்டிக்கு எதுக்குக் கணக்கு?”

“மெஷினுக்குப் பெட்டி எது, கப்பு எதுன்னு தெரியுமா சார்? மேல என்ன வச்சாலும் அதுக்கு ஒண்ணுதான்.”

நாள் முழுக்கச் சொல்கிற வசனம். நாக்கு தானாகச் சொல்லும், மூளைக்கு அதில் வேலை கிடையாது. அவரை அனுப்பிவிட்டு, அம்மா காலையில் பேசாமல் என் பையில் வைத்திருந்த மூன்றாவது கோட்டை எடுத்தேன். கண்டக்டரின் மைத்துனருக்கு அனுப்ப வேண்டியது. அப்பாவுடையதைப் போலவே மூன்று அடுக்கு, அதே பஞ்சு. மடித்து எடைத் தட்டில் வைத்தேன்.

ஒன்று புள்ளி ஐந்து இரண்டு பூஜ்யம்.

முகவரி எழுத ஆரம்பித்தேன். தெருப் பெயர்வரை எழுதினேன். பிறகு பேனா நின்றது. கோட்டை எடுத்தேன், தட்டு பூஜ்யத்துக்குப் போனது. வைத்தேன். ஒன்றரைக் கிலோவும் கொஞ்சமும்.

பையிலிருந்து நோட்டை உருவினேன். அப்பாவுக்கு முதன்முதலில் கால் பிடித்தது என்றைக்கு? ஏழு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தைய வரியில் என் கையெழுத்திலேயே இருந்தது: ‘அம்மா கோட்டு. குளிரவில்லை என்றார்.’ ஐம்பத்து நான்கு என்று டாக்டர் எழுதியது வார்டு கொடுத்த ஒற்றைத் துணியோடு. ஏழு வாரமாக அப்பா மெஷினில் ஏறியது கோட்டோடு. இறங்கியதும் கோட்டோடு. ஒன்றரைக் கிலோ கம்பளியைத் தண்ணீர் என்று நினைத்து அப்பாவின் ரத்தத்திலிருந்து உறிஞ்ச ஒவ்வொரு முறையும் முயன்றிருக்கிறார்கள். கம்பளி வரவில்லை. அப்பாதான் வந்தார். கண்டக்டருக்கு மூன்று வாரம்.

மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏழு வாரம் அந்த ஜிப்பை யார் யாரோ திறந்தார்கள், மூடினார்கள். டெக்னீஷியன் பாராட்டினார். நான் பக்கத்தில் நோட்டோடு நின்றேன். சொட்டு நீரை எண்ணியவளுக்குக் கோட்டு கண்ணில் படவில்லை. அல்லது இதுவும் தப்பான கணக்கோ? அந்த முக்கால் லிட்டர் கோட்டுக்குள் அடங்கவில்லையே. வரும்போதும் கோட்டு, போகும்போதும் கோட்டு என்றால் நடுவில் ஏறிய மூன்று கிலோ எங்கிருந்து? ஒரு முடிச்சை அவிழ்த்தால் இன்னொன்று இறுகியது. அந்தப் பார்சலை அனுப்பவில்லை.

சாயங்காலம் வீட்டில் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். அப்பா இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

“அப்ப நான் பொய் சொல்லல.”

“சொல்லல.”

“கோட்டு கனத்துக்கா என்னப் பிழிஞ்சாங்க?”

“ஆமா. அப்படித்தான் நெனைக்கிறேன். நாளைக்கு ஒரே ஒரு தடவை வாங்கப்பா. கோட்டக் கழட்டிட்டு ஏறுங்க. அப்பவும் பிடிச்சா நான் இனிமே கூப்பிடவே மாட்டேன்.”

கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அப்பா யோசித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே, “ஒண்ணு சொல்லணும்” என்றார். “குளிக்கிறப்ப சொம்புல ஒரு ரெண்டு வாய்… தெனமும் இல்ல. தாங்க முடியாத அன்னைக்கு.”

எனக்குக் கோபப்படவா சிரிக்கவா என்று புரியவில்லை. ஆக நோட்டும் பொய், மெஷினும் பொய், அப்பாவும் முக்கால்வாசிதான் உண்மை.

அம்மா மட்டும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான்தானா?” என்றாள்.

“இல்லம்மா.”

“நான் தச்சதுதானே.”

“நீ தச்சது சரிதான். எடை போட்டதுதான் தப்பு.”

“அதச் சொல்றதுக்கு ஏழு வாரமா உனக்கு?”

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

சனிக்கிழமை அப்பா கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு மெஷினில் ஏறினார். பனியனுக்குள் எலும்பு எண்ணலாம்போல இருந்தது. ஐம்பத்தைந்து புள்ளி மூன்று. டெக்னீஷியன் மெஷினைத் தட்டிப் பார்த்தார். நான் கோட்டை அப்பாவின் தோளில் போட்டேன். ஐம்பத்தாறு புள்ளி எட்டு. எடுத்தேன். ஐம்பத்தைந்து புள்ளி மூன்று.

டெக்னீஷியன் இரண்டு எண்களையும் அட்டையின் ஓரத்தில் எழுதினார். பிறகு கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் தன் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கழட்டணுமா? குளிருமே தம்பி.”

“கழட்டுங்க சார்” என்றார் டெக்னீஷியன். குரலில் பழைய கிண்டல் இல்லை.

டாக்டர் வந்தார். அப்பாவின் கணுக்காலை அழுத்திப் பார்த்தார், குழி விழவில்லை. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார். அட்டையைப் பின்னோக்கிப் புரட்டினார். “இத நாங்க பாத்திருக்கணும்” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

“மேடம், அப்ப ஐம்பத்து நாலுதான் சரியான எடையா?” என்றேன்.

“அதுவும் நிச்சயம் இல்லம்மா. அஞ்சு மாசத்துல சதை கொறஞ்சிருக்கலாம், சாப்பாடு எறங்க ஆரம்பிச்சதும் கூடியிருக்கலாம். உலர் எடைங்கறது எங்கயும் எழுதியிருக்கிற எண் இல்ல. பிரஷர், வீக்கம், மூச்சு, கால் பிடிப்பு எல்லாத்தையும் பாத்து நாங்க ஒரு குறி வைக்கிறோம். அப்பப்ப மாத்திக்கிட்டே இருக்கணும்.”

“குறியா?”

“குறிதான்.”

“அந்த முக்கால் லிட்டர்? நோட்டுல இல்லாதது?”

“சோத்துல தண்ணி இல்லையா? வேகவச்ச காய்ல? பழத்துல? அதெல்லாம் நோட்டுல எழுதுனியா?”

எழுதவில்லை. சொம்பைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா கூரையைப் பார்த்தார்.

“தண்ணியப் பூட்டி வைக்கிறதவிட உப்பக் கொறை. உப்பு இருந்தா தாகம் எடுக்கும், தாகம் எடுத்தா எந்த மனுஷனும் குடிப்பான்” என்றார் டாக்டர்.

அன்று எடுக்கவேண்டியது ஒன்று புள்ளி மூன்று மட்டும். எடை பார்த்து நாற்காலியில் சாய்ந்த பிறகு கோட்டைப் போர்த்திவிட்டேன். மூன்றாம் மணி நேரத்தில் அப்பாவின் கெண்டைக்காலில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எப்போது இறுகும், எப்போது இறுகும் என்று. நான்காம் மணி நேரம் வந்தது. கால் காலாகவே இருந்தது. அப்பா தூங்கிவிட்டார். பக்கத்தில் கண்டக்டரும் குறட்டை விட்டார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. கையை எடுத்தால் பிடித்துவிடுமோ என்று கடைசிவரை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், “செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குக் கெளம்பணும்?” என்று அப்பா கேட்டார். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் அவருக்குக் கோட்டில்லாமல் மெஷினில் ஏற மனமில்லை. எல்லோர் முன்னாலும் பனியனோடு நிற்க மாட்டாராம். கோட்டின் எடையைக் கழித்துக்கொள்ளலாம் என்று டெக்னீஷியனும் ஒப்புக்கொண்டார், எவ்வளவு என்று எழுதிக்கொடுத்தால்.

திங்கட்கிழமை மதியம் அம்மா கூரியர் அலுவலகத்துக்கு வந்தாள். தொழிற்சாலைச் சாப்பாட்டு இடைவேளையில், சீருடையோடு. கையில் அப்பாவின் கோட்டும், சனிக்கிழமை கிளம்பும்போது கண்டக்டர் கொடுத்தனுப்பிய அவருடைய கோட்டும். இன்னும் என்னிடம் அவள் சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை. வரிசையில் நின்றாள். முன்னால் இரண்டு பேர். முறை வந்ததும் கவுன்டரில் கோட்டை வைத்தாள். காலருக்கு உள்பக்கம், தொழிற்சாலையில் அளவுப் பட்டி வைக்கிற இடத்தில், வெள்ளைத் துணியில் ஒரு சின்னப் பட்டி தைத்திருந்தாள். அதில் ஒன்றுமே எழுதவில்லை. ஊசியும் சிவப்பு நூலும் அவள் பையில் தயாராக இருந்தன.

“எடையப் போடு. நூல்லயே எழுதிடறேன். தொவச்சாலும் போகாது.”

அப்பாவின் கோட்டைத் தட்டில் வைத்தேன். ஒன்று ஐந்நூற்று இருபது. உடனே ஐந்நூற்று இருபத்தைந்து. மறுபடி இருபது. கடைசி இலக்கம் நிற்காமல் ஆடியது.

“எதுடி எழுத?”

“அஞ்சு கிராம்தான்மா. எது எழுதினாலும் ஒண்ணும் ஆகாது.”

“நீ ஒண்ணும் ஆகாதும்ப. எது சரி?”

மின்விசிறியை நிறுத்தினேன். பின்னால் நின்றவர் முணுமுணுத்தார். கோட்டை எடுத்து மறுபடி வைத்தேன், நாங்கள் இருவரும் கவுன்டரின் இருபக்கமும் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கடைசி எண் நிற்பதற்காகக் காத்திருந்தோம்.